செத்துச் செத்துப் பாடம் சொன்னவன்



இந்த மேடையில் கல்வெட்டைப் பற்றியும் காப்பியத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் கார்ட்டூனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் குழந்தைகளுக்கான கார்ட்டூன் அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்கென்று எடுத்து, சிப்பாய்களுக்கு மட்டும் போட்டுக் காட்டிய சிரிப்புப் படங்கள். தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சுளிக்கத் தோன்றினால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ஒரு படத்தின் கதை. 1943 ஆகஸ்டில் வந்தது, பெயர் 'ஸ்பைஸ்', அதாவது உளவாளிகள். கறுப்பு வெள்ளை, நான்கு நிமிடம் போல ஓடும். பின்னணிக் குரல் முழுக்க எதுகையும் இயைபுமாகப் பாட்டுப்போலக் கதை சொல்கிறது. ஸ்நாஃபு என்ற சிப்பாய்க்கு ஒரு ரகசியம் தெரியும். அவனுடைய கப்பல் எப்போது, எங்கே புறப்படுகிறது என்பதுதான் அது. ரகசியம் வெளியே போகாமல் இருக்க மூளைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறான். படத்தில் அந்தச் சங்கிலியையும் பூட்டையும் கண்ணால் பார்க்கிறோம். அவன் யாரிடமும் முழு ரகசியத்தைச் சொல்வதில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் ஒரு துணுக்கு, போகிற வழியில் இன்னொரு துணுக்கு. அங்கங்கே ஒளிந்திருக்கும் காதுகள் ஒவ்வொன்றையும் பொறுக்கிக்கொள்கின்றன. பிறகு மதுக்கடை. உள்ளே இறங்கிய சரக்கு பூட்டைத் திறந்துவிடுகிறது. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்த அழகி ஜெர்மானிய உளவாளி. செய்தி பெர்லின் போகிறது, நீர்மூழ்கிகள் காத்திருக்கின்றன, கப்பல் மூழ்குகிறது. நரகத்தில் கொதிக்கும் கொப்பரைக்குள் உட்கார்ந்துகொண்டு, 'என் ரகசியத்தை எவன்டா வெளியே விட்டவன்' என்று ஸ்நாஃபு கத்துகிறான். அவன் முன்னால் ஒரு கண்ணாடி நீட்டப்படுகிறது.

கப்பலேறப் போகும் இருபது வயதுப் பையன்கள் நிறைந்த கொட்டகையில் இந்தப் படம் ஓடியதை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் கப்பல் புறப்படும் நாள் உண்மையிலேயே தெரிந்திருக்கும்.

1939இல் அமெரிக்கத் தரைப்படையில் ஏறத்தாழ 1,90,000 பேர் இருந்தார்கள். 1945இல் அது 80 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேரும் நேற்றுவரை பண்ணையிலும் ஆலையிலும் கடையிலும் வேலை செய்தவர்கள். நான்காம் வகுப்பு அளவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1941இல் ஒரு விதி வைத்தார்கள். ஆள் தேவை ஏற ஏற அதையும் தளர்த்த வேண்டியதாயிற்று. இவர்களுக்குத் துப்பாக்கி துடைப்பதிலிருந்து கொசுவலை கட்டுவது வரை எல்லாவற்றையும் சில மாதங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கையேடு கொடுத்தால் படிக்க மாட்டார்கள். அதிகாரி நின்று வகுப்பெடுத்தால் பின்வரிசையில் குறட்டை கேட்கும். பயிற்சிப் படங்கள் ஏற்கெனவே இருந்தன. அவையும் அதே அதிகாரியின் குரலில்தான் பேசின.

படைத்தலைவர் ஜார்ஜ் மார்ஷல் ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவை அழைத்தார். சிசிலியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1934இல் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' எடுத்துப் புகழ் பெற்றவர். 'நாம் ஏன் போரிடுகிறோம்' என்ற வரிசையில் அவர் தயாரித்த ஏழு படங்களைத் திரைப்பட வரலாற்று நூல்களெல்லாம் பேசுகின்றன. காப்ராவின் படப்பிரிவு 'ஆர்மி நேவி ஸ்க்ரீன் மேகசின்' என்று ஒரு திரை இதழையும் நடத்தியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் இருபது நிமிடம்: ஊர்ச் செய்தி, போர்ச் செய்தி, சிப்பாய்கள் கேட்டெழுதிய காட்சிகள். அதில் ஒரு துண்டாகத்தான் ஸ்நாஃபு வந்தான். காப்ராவின் ஏழு படங்களைவிட அந்தத் துண்டே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

இந்த வேலைக்கு வால்ட் டிஸ்னியும் போட்டியிட்டார். பாத்திரத்தின் உரிமையும் அதை வைத்துப் பொருள் விற்கும் உரிமையும் தமக்கே வேண்டும் என்றார். வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் செய்துகொடுத்துக்கொண்டிருந்த லியோன் ஷ்லெசிங்கர், டிஸ்னி கேட்ட தொகையில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்து, உரிமை எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். ராணுவம் சிக்கனம் பார்த்தது. அதனால் நமக்கு நல்லதாயிற்று. டிஸ்னியின் கூடத்தில் அழகு இருந்தது. ஷ்லெசிங்கரின் கூடத்தில் குறும்பு இருந்தது. கறையான் மாடி என்று அங்கிருந்தவர்களே கேலி செய்த ஒரு பழைய மரக்கட்டடத்தில் பக்ஸ் பன்னியையும் டாஃபி டக்கையும் வளர்த்தெடுத்த கூட்டம் அது. சக் ஜோன்ஸ், ஃபிரிஸ் ஃபிரெலெங், ஃபிராங்க் டாஷ்லின், பாப் கிளாம்பெட் ஆகியோர் ஸ்நாஃபு படங்களை மாறி மாறி இயக்கினார்கள். ஜோன்ஸுக்கு அப்போது முப்பது வயதுதான். குரல் மெல் பிளாங்க், இசை கார்ல் ஸ்டாலிங். பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்தவரே ஸ்நாஃபுவுக்கும் பேசியதால், தெரிந்த பையன் ஒருவன் பட்டாளத்துக்கு வந்துவிட்டதுபோல இருந்திருக்கும்.

எழுத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் சுவையானவர்கள். தலைமை தியோடர் கைசல். பின்னாளில் டாக்டர் சூஸ் என்ற பெயரில் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்தவர். 1943 தொடக்கத்தில் கேப்டனாக வந்து காப்ராவின் பிரிவில் சேர்ந்தார். கூடவே பி. டி. ஈஸ்ட்மன், அம்மாவைத் தேடி அலையும் குஞ்சுப் பறவையின் கதையைப் பிற்பாடு எழுதியவர். மன்ரோ லீஃபும் இருந்தார். சண்டை போட மறுத்து, மரத்தடியில் பூ முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஃபெர்டினாண்ட் என்ற காளையை 1936இல் படைத்தவர் அவர். சண்டை மறுத்த காளையின் ஆசிரியரைச் சிப்பாய்களுக்குப் பாடம் எழுத உட்காரவைத்தது எந்தப் புண்ணியவானின் யோசனையோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இனி பெயருக்கு வருகிறேன். அமெரிக்கச் சிப்பாய்களின் நாவில் அப்போது புழங்கிய ஒரு சுருக்கம்தான் ஸ்நாஃபு. 'நிலைமை வழக்கம்போல: எல்லாம் குட்டிச்சுவர்' என்று சொல்லலாம். மூலத்தில் குட்டிச்சுவரின் இடத்தில் அவையில் சொல்லக்கூடாத ஒரு சொல் உண்டு. 1943 ஜூனில் வந்த முதல் படத்தில் அறிவிப்பாளர் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு நாசூக்கான சொல்லைப் போடுகிறார். அந்த ஒரு நொடியில் கொட்டகை முழுக்க மற்ற சொல்லைக் கத்தியிருக்கும்.

இந்த வசவு யாரைக் குறித்தது? ஜெர்மனியை அல்ல, ஜப்பானை அல்ல. அமெரிக்க ராணுவத்தைத்தான். உத்தரவு ஒன்று வரும், அதை ரத்து செய்து இன்னொன்று வரும். பூட்ஸ் வரும், கயிறு வராது. அப்போதெல்லாம் சிப்பாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல் அது. ராணுவம் தன்னைத் திட்டும் சொல்லையே எடுத்து, தன் பாடப் பாத்திரத்துக்குப் பெயராகச் சூட்டி, தன் செலவில் படம் எடுத்தது. 'நீ எங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், அதில் பாதி உண்மையும்தான்' என்று மேலிடம் கீழிடத்திடம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கொசுவலை கட்டச் சொன்னது. அந்த வரிசைமுறையில்தான் சூட்சுமம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

பொதுமக்களுக்குக் காட்டாத படம் என்பதால் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இதற்குக் கிடையாது. ராணுவ மேலிடத்தின் ஒப்புதல் மட்டும் வேண்டும். பச்சைப் பேச்சும், அரைகுறை ஆடையில் பெண் படங்களும், கக்கூஸ் நகைச்சுவையும் தாராளம். ஆனால் அதைவிடத் துணிச்சலானது முறையிடலுக்குக் கொடுத்த இடம். 'க்ரைப்ஸ்' என்ற படம் முழுக்க முணுமுணுப்புதான். சமையற்கட்டு எடுபிடி வேலை, ஊசி, வரிசை, சார்ஜென்ட் என்று எல்லாவற்றையும் ஸ்நாஃபு கரித்துக்கொட்டுகிறான். 'சரி, நீயே நடத்திப் பார்' என்று ராணுவத்தை அவன் கையில் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஓய்வு, எல்லாருக்கும் கேளிக்கை. எதிரி வரும்போது துப்பாக்கி எடுக்க ஆளில்லை. 'இன்ஃபன்ட்ரி புளூஸ்' படத்தில் காலாட்படையைப் போலக் கஷ்டம் எதிலும் இல்லை என்று அலுத்துக்கொள்கிறான். டாங்கிக்குள் போட்டுப் பார்க்கிறார்கள், கப்பலில் போட்டுப் பார்க்கிறார்கள், விமானத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றுக்கொன்று மோசம். நடையே மேல் என்று திரும்பி வருகிறான். வீட்டிலிருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று பொருமும் படம் ஒன்றுண்டு; அதில் தகப்பன் டாங்கி செய்கிறார், தாய் காய்கறித் தோட்டம் போடுகிறாள், கிழட்டுத் தாத்தா கப்பல் தளத்தில் ஆணி அறைகிறார்.

அவனை இப்படி இடம் மாற்றிப் போடும் தேவதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெண்பட்டும் மந்திரக்கோலும் எதிர்பார்க்காதீர்கள். முகத்தில் நாலு நாள் தாடி, வாயில் சுருட்டு, மேலுக்கு ஒன்றும் ஒழுங்காக இல்லை, முதுகில் மட்டும் சின்ன இறக்கை. 'டெக்னிக்கல் ஃபேரி, முதல் வகுப்பு' என்பது அவர் பதவி. அறிவுரை சொல்பவன் அதிகாரியாக இருந்தால் எடுபடாது என்று தெரிந்து, பலமுறை சம்பளம் பிடித்தம் செய்யப்பட்ட பழைய சார்ஜென்டுக்கு இறக்கை முளைத்ததுபோல வரைந்திருக்கிறார்கள்.

முட்டாளை முன்னிறுத்திப் பாடம் சொல்லும் முறை தமிழருக்குப் புதிதல்ல. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பரமார்த்த குருவையும் மட்டி, மடையன் முதலான ஐந்து சீடர்களையும் படைத்தது, ஐரோப்பியப் பாதிரிமார் பேச்சுத் தமிழ் பழகுவதற்கான பயிற்சி வாசகமாகத்தான். இலக்கணச் சூத்திரத்தில் தூங்கிவிழுந்தவர்கள், ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு எண்ணும் சீடனிடம் விழித்துக்கொண்டார்கள். அந்தக் கதைகளைச் சின்ன வயதில் படித்த நாம் அவை பாடப்புத்தகம் என்பதையே மறந்துவிட்டோம். ஸ்நாஃபுவுக்கும் குருவின் சீடர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சீடர்கள் நனைவார்கள், விழுவார்கள், காசை இழப்பார்கள்; மறுகதையில் வந்துவிடுவார்கள். ஸ்நாஃபு சாகிறான். ஒரு படத்தில் நரகம், இன்னொன்றில் சொர்க்கம், வேறொன்றில் எதிரியின் சிறைக்கூண்டு. அடுத்த படத்தில் எதுவும் நடக்காததுபோல மறுபடி வந்து நிற்கிறான். சிப்பாய்க்கு ஒரு உயிர், ஸ்நாஃபுவுக்கு எத்தனை வேண்டுமானாலும். கொட்டகையில் இருந்தவர்களின் பொருட்டு அவன் திரும்பத் திரும்பச் செத்துக்கொடுத்தான்.

படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். குறி பார்த்துச் சுடுவது எப்படி, குண்டு எறிவது எப்படி என்று இவை சொல்லித்தருவதில்லை. அதை மைதானத்தில் கற்றுக்கொள்ளலாம். தப்புச் செய்தால் தப்பு அங்கேயே தெரியும். ஸ்நாஃபு எடுத்துக்கொண்டவை எல்லாம் தப்பும் தண்டனையும் வெகுதூரம் விலகி நிற்கும் காரியங்கள். மலேரியாவைப் பாருங்கள். கொசு இன்று கடிக்கிறது. காய்ச்சல் பத்துப் பதினைந்து நாள் கழித்து வருகிறது. கடித்த இரவையும் சட்டைக்கையைச் சுருட்டி விட்டுக்கொண்ட சோம்பலையும் நோயாளி அதற்குள் மறந்திருப்பான். அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் 1897இல் நம் சிகந்தராபாத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நுண்ணோக்கியில் தெரிந்தது பதுங்குகுழியில் தெரியவில்லை. தென் பசிபிக்கில் பல இடங்களில் எதிரியின் குண்டைவிடக் கொசுதான் அதிகம் பேரைப் படுக்கையில் தள்ளியது. 1942இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும், உலகின் கொய்னா மருந்துக்கு மூலமான சின்கோனாப் பட்டையில் பெரும்பங்கு அவர்களிடம் சிக்கிக்கொண்டது. மாற்றாக அட்டாப்ரின் என்ற மஞ்சள் மாத்திரை. ஒரே கசப்பு; தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மையைக் கெடுத்துவிடும் என்று ஒரு புரளியும் சேர்ந்துகொண்டது. பிறகு எவன் தின்பான்?

இங்கேதான் கொசுவே பேச வருகிறது. 1944இல் சக் ஜோன்ஸ் எடுத்த படத்தில் 'மலேரியா மைக்' என்ற கொசு ஸ்நாஃபுவை வேட்டையாடுகிறது. 1945இல் வந்த 'இட்ஸ் மர்டர் ஷி செய்ஸ்' படத்தில் 'அனாஃபிலிஸ் ஆனி' என்ற கொசுப் பெண்மணி. தொழில் நொடித்து, குடித்து, கண்ணுக்கடியில் பை விழுந்த கிழவி. சிப்பாய்கள் கொசுவலை கட்டவும் மாத்திரை விழுங்கவும் கற்றுக்கொண்டதால் தன் பிழைப்பு எப்படி மண்ணாய்ப் போயிற்று என்று இளம் கொசுக்களிடம் ஒப்பாரி வைக்கிறாள். சுகாதாரப் பிரசுரம் ஒன்றை எதிரியின் தோல்விப் புலம்பலாக மாற்றியது இந்த வரிசையின் மிக நல்ல கற்பனை என்பேன். இந்த ஆனியின் அக்காள் ஒருத்தி 1943இலேயே அச்சில் வந்துவிட்டாள்: லீஃப் எழுதி கைசல் படம் வரைந்து சிப்பாய்களுக்குக் கொடுத்த சிறுபிரசுரத்தில், ரத்தம் குடிக்கும் நங்கையாக.

கொசுவைப் போலத்தான் வாய்ப்பேச்சும். துறைமுகத்தில் சொன்ன சொல்லுக்கு ஆயிரம் மைல் தாண்டிக் கப்பல் மூழ்கும். சொன்னவனுக்குத் தன் சொல்லென்று தெரியாது. கார்ட்டூன் அந்த ஆயிரம் மைலையும் அந்த இரண்டு வாரத்தையும் நாலு நிமிடத்துக்குள் மடக்கிப்போட்டு, விதைத்த கையிலேயே விளைந்ததைக் கொடுத்துவிடுகிறது. நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் இதைச் செய்தால் நம்ப மாட்டோம். கோட்டோவியத்தில் மூளைக்குப் பூட்டுப் போட்டாலும் நம்புகிறோம்.

'சென்சர்ட்' படத்தில் ஸ்நாஃபு தன் காதலிக்கு எந்தத் தீவுக்குப் போகிறோம் என்று எழுதிவிடத் துடிக்கிறான். தணிக்கை அதிகாரி கடிதத்தைக் கத்தரித்துச் சல்லடை ஆக்குகிறார். தேவதையின் தயவில் செய்தி போய்ச் சேருகிறது. காதலி தன் தாயிடம் சொல்கிறாள், தாய் இன்னொருத்தியிடம். தீவில் எதிரி தயாராகக் காத்திருக்கிறான். கனவு கலைந்து எழுந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். பொதுவாக எந்தச் சிப்பாய்க்கும் தணிக்கையாளனைப் பிடிக்காது. அவனைச் சகித்துக்கொள்ள வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. தணிக்கை இந்த வரிசையையே ஒருமுறை தீண்டியது. 'கோயிங் ஹோம்' என்ற படத்தில் விடுப்பில் ஊர்போன ஸ்நாஃபு வாய்க்கு வந்ததையெல்லாம் உளறுகிறான். அதில் ஜப்பானை அழிக்கும் ஒரு ரகசிய ஆயுதம் பற்றியும் வருகிறது. 1944இல் எடுத்த அந்தப் படம் வெளிவரவேயில்லை. 1945 ஆகஸ்டின் அணுகுண்டுக்குப் பிறகு அதைப் பார்ப்பவருக்குக் காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை.

'ரூமர்ஸ்', புரளி, இன்னொரு படம். கழிப்பறையில் பக்கத்து ஆளிடம் வானிலை பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை, வாய்க்கு வாய் கைகால் முளைத்து, பறக்கும் விலங்காகவும் வெடிக்கும் குண்டாகவும் பெருத்து முகாமையே பைத்தியமாக்குகிறது. இதைச் சென்னையில் விளக்க வேண்டியதில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. ஜப்பானியக் கப்பற்படை சென்னைக்கு வருகிறது என்ற பேச்சில் நகரம் காலியானது. அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக்கொன்றார்கள். கப்பற்படை வரவில்லை.

ராணுவப் பாடக் கார்ட்டூன் குடும்பத்தில் ஸ்நாஃபுவுக்கு முன்னோரும் பங்காளிகளும் உண்டு; விரைவாகச் சொல்லிக் கடக்கிறேன். முதல் உலகப் போரிலேயே மாக்ஸ் ஃபிளைஷர் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் முகாமில் இருந்து வரைபடம் படிப்பது, இயந்திரத் துப்பாக்கி இயக்குவது பற்றி அசைவுப் படங்கள் செய்தார். பிற்காலத்தில் பெட்டி பூப்பை உருவாக்கியவர் அவர்தான். டிஸ்னி 1942இல் கனடாவுக்காக 'ஸ்டாப் தட் டாங்க்' எடுத்தார். அதில் ஹிட்லர் கதறும் முதல் பகுதி சிரிப்பு, மற்றது துப்பாக்கிக் கையேடு. விமானப்படையின் படப்பிரிவு 'டிரிகர் ஜோ' என்ற மந்தமான துப்பாக்கியாளனை உருவாக்கியது. பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சி இதழில் பில் ஹூப்பர் வரைந்த பைலட் ஆபீசர் ப்ரூன், விமானத்தை எத்தனை விதமாக நொறுக்கலாம் என்று காட்டினான். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பறந்தவர்களுக்கு அந்த இதழ் 'எடுக்க முடியாத விரல்' என்று ஒரு கேலி விருதே வழங்கியது. அமெரிக்கக் கடற்படைக்கு ராபர்ட் ஆஸ்போர்ன் வரைந்த டில்பர்ட், தரைப்படை வண்டிகளைக் கெடுக்க வில் ஐஸ்னர் வரைந்த ஜோ டோப். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? ஜப்பானிலும் ஒரு முட்டாள் சிப்பாய் இருந்தான். தாகாவா சுய்ஹோ வரைந்த 'நோராகுரோ', தெருநாய் ஒன்று நாய்ப்படையில் சேர்ந்து சொதப்பும் கதை. 1931 முதல் சிறுவர் இதழில் வந்து பெரும் புகழ் பெற்றது. 1941இல், போர் முற்றப் போகும் நேரத்தில், அதை நிறுத்திவிட்டார்கள். 1945இல் கடற்படையின் ஆதரவில் செயோ மிட்சுயோ எடுத்த 'மோமோதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்' ஜப்பானின் முதல் முழுநீள அசைவுப்படம். ஓவியமாக ஸ்நாஃபுவைவிடப் பல படி மேல். இளைஞராக அதைப் பார்த்த ஒசாமு தெசுகா நெகிழ்ந்துபோனார். அதில் கரடியும் குரங்கும் முயலும் சீராக அணிவகுக்கின்றன, குற்றம் குறையில்லாத வீரர்கள். குழந்தைகளுக்கான பிரசாரப் படத்தையும் சிப்பாய்க்கான பயிற்சிப் படத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாதுதான். ஆனாலும் சொதப்புகிற நாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொதப்பாத குரங்கைக் கொண்டுவந்த அந்தத் தேர்வு என்னை யோசிக்க வைக்கிறது.

இதுவரை புகழ்ந்தேன். இந்தப் படங்களை இன்று போட்டால் அவையில் பாதிப் பேர் எழுந்து போய்விடக்கூடிய பகுதிகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. தன்னைக் கேலி செய்துகொண்ட ராணுவம், எதிரியைக் கேலி செய்தபோது மனிதனாகவே விட்டுவைக்கவில்லை. ஜெர்மானியன் என்றால் ஹிட்லர், கோரிங் என்று குறிப்பிட்ட ஆட்கள். ஜப்பானியன் என்றால் துருத்திய பல், இடுங்கிய கண், சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரே அச்சில் வார்த்த ஒரு இனம். பெண் என்றால் உளவாளி, அல்லது சுவரில் ஒட்டிய படம். கறுப்பினச் சிப்பாய் லட்சக்கணக்கில் சேவை செய்த, நிறத்தால் பிரித்துவைத்த படையில், ஸ்நாஃபுவின் முகாம் முழுக்க வெள்ளை. கீழ்நிலைச் சிப்பாயின் கண்ணியத்தை மீட்ட சிரிப்பு, அதற்கான விலையை வேறு முகங்களிடமிருந்து வசூலித்தது. காலம் அப்படி என்று சொல்லித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. முட்டாள் யார், அவன் எங்கே உதைபட வேண்டும் என்று இத்தனை நுட்பமாக யோசித்தவர்களுக்கு இதையும் யோசிக்கும் திறன் இருந்தது. 1942 பிப்ரவரியில் கைசல் செய்தித்தாளில் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று, அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வெடிமருந்துக்கு வரிசையில் நிற்கும் துரோகிகளாகக் காட்டியது. அவர் 1953இல் ஜப்பானுக்குப் போய்வந்தார். மறு ஆண்டு வந்த 'ஹார்ட்டன் ஹியர்ஸ் எ ஹூ' புத்தகத்தைக் கியோட்டோவின் மிட்சுகி நாகமுரா என்ற நண்பருக்குக் காணிக்கையாக்கினார். கண்ணுக்குத் தெரியாத சிறிய உயிர்களின் குரலைக் கேட்கும் ஒரு யானையின் கதை அது. அதை மன்னிப்பு என்று படிப்பவர்கள் உண்டு. படிக்கலாம், ஆனால் புத்தகம் பழைய சித்திரத்தை அழிப்பதில்லை.

படங்களால் பயன் இருந்ததா என்று கேட்பீர்கள். கார்ல் ஹோவ்லண்ட் தலைமையில் உளவியலாளர்கள் ராணுவத்துக்காகவே ஆய்வு நடத்தினார்கள். 1949இல் நூலாகவும் வந்தது. காப்ராவின் 'பிரிட்டன் போர்' படத்தைப் பார்த்த சிப்பாய்களுக்கு விவரங்கள் நன்றாகப் பதிந்தன. கருத்து சிறிதளவு மாறியது. போரிடும் ஊக்கம் மட்டும் கூடவில்லை. கம்பீரமான குரல், வரைபடத்தில் பரவும் கறுப்பு மை, முழங்கும் இசை எல்லாம் சேர்ந்தும் மனத்தை அசைக்க முடியாத இடம் அது. ஸ்நாஃபு அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் போரிடுகிறாய் என்று அவன் கேட்கவில்லை. மாத்திரையைத் தின்றாயா, துப்பாக்கியைத் துடைத்தாயா, வாயை மூடினாயா என்று கேட்டான். சிறிய கேள்விகளுக்கு நாலு நிமிடம் போதும்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1956இல் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ் பம்பாய்க்கு வந்து, ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் இந்தியாவில் பிறந்த பாதிரியார் மகன். ஜாதகக் கதை ஒன்றை வைத்து 1957இல் 'பேனியன் டியர்' வந்தது. ராம் மோகன் போன்றவர்கள் அங்கே தொழில் பழகினார்கள். பிறகு பல ஆண்டுகள் திரையரங்கில் முழுப் படத்துக்கு முன்னால் நாம் பார்த்த அரசுக் கார்ட்டூன்களில் கைவண்ணம் இருந்தது. முட்டாளும் இருந்தான். நான் பார்த்த வரையில் அந்த முட்டாள் எப்போதும் குடிமகனே. வரிசையில் இடித்தவன், அளவில்லாமல் பிள்ளை பெற்றவன், குப்பை போட்டவன். அலுவலகம் ஒருநாளும் சொதப்பவில்லை. அவை ஓடும்போது கொட்டகையில் முறுக்கு விற்பனை அமோகமாக நடக்கும்.

போர் முடிந்ததும் ஸ்நாஃபுவுக்கு வேலை இல்லை. அவனை வரைந்தவர்கள் முயலிடமும் வாத்திடமும் திரும்பினார்கள், வெறுங்கையோடு திரும்பவில்லை. 1944இல் பாப் கிளாம்பெட் எடுத்த 'பூபி டிராப்ஸ்' படத்தில் எதிரி விட்டுப்போன பியானோ ஒன்று இருக்கும். பழைய ஐரிஷ் மெட்டு ஒன்றில் குறிப்பிட்ட கட்டையை அழுத்தினால் வெடிக்கும்படி கம்பி கட்டியிருப்பார்கள். ஸ்நாஃபு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தப்பாகவே வாசிப்பான். கைவிட்டுப்போன பொருளைத் தொடாதே என்பது பாடம். 1951இல் ஃபிரெலெங் எடுத்த 'பாலட் பாக்ஸ் பன்னி' படத்தில் அதே மெட்டு, அதே பியானோ, அதே தப்பான கட்டை. பக்ஸ் பன்னி வாசிக்க, பொறுக்க முடியாமல் சரியாக வாசித்துக் காட்டப்போன யோசமிட்டி சாம் வெடித்துப் போகிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் அலைவரிசையில் பார்த்து உருண்டு சிரித்திருப்பார்கள்.

அரசுக்காக எடுத்தவை என்பதால் ஸ்நாஃபு படங்களுக்கு இன்று உரிமைத் தடை இல்லை. தேடினால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். 'ஸ்பைஸ்' படத்தில் தொடங்குங்கள், பிறகு 'க்ரைப்ஸ்', பிறகு கொசுக்கிழவி. பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள்.